கொழுப்புத் திசுக் குருத்தணுக்கள் கொழுப்பணுக்களாக முதிர்தல்

கொழுப்பணு உருவாக்கம் என்பது, கொழுப்புத் திசுவில் உள்ள குருத்தணுக்கள் படிப்படியாக மாற்றமடைந்து, கொழுப்பைச் சேமிக்கவும் தேவைப்படும்போது வெளிவிடவும் திறன் பெற்ற முதிர்ந்த கொழுப்பணுக்களாக மாறும் நிகழ்வு ஆகும். குருத்தணு என்பது ஸ்டெம் செல் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடல் கொழுப்பாக மாற்றும் வேதிவினை வேறு. அந்தக் கொழுப்பை வைத்துக்கொள்ளும் உயிரணு பிறப்பது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

உடலில் புதிய கொழுப்பணு உருவாவது தீங்கானது என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. தேவையான இடத்தில், தேவையான வேளையில் புதிய கொழுப்பணுக்களை உருவாக்க முடியாத உடலே நீரிழிவுக்கும் கல்லீரல் கொழுப்பு நோய்க்கும் எளிதில் ஆளாகிறது. எனவே இந்நிகழ்வைப் புரிந்துகொள்வது உடல் பருமன், நீரிழிவு, குருத்தணு மருத்துவம் ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள உதவும்.

கொழுப்புத் திசுவின் அமைப்பு

கொழுப்புத் திசு தோலுக்கு அடியிலும், வயிற்றறையில் குடல் போன்ற உள்ளுறுப்புகளைச் சுற்றியும், எலும்பு மச்சையிலும், வேறு சில இடங்களிலும் காணப்படுகிறது. இத்திசுவின் கனஅளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொழுப்பணுக்களே நிரம்பியுள்ளன. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் அவை பாதிக்கும் குறைவு. மீதமுள்ளவை குருதிக் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள், நோய் எதிர்ப்பு உயிரணுக்கள், ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இணைப்புத் திசு உயிரணுக்கள், குருத்தணுக்கள் ஆகியவையாகும்.

முதிர்ந்த வெண் கொழுப்பணு உருண்டை வடிவானது. அதன் நடுவே ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி இருக்கும். உட்கருவும் சைட்டோபிளாசமும் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு மெல்லிய விளிம்பாக நிற்கும். கொழுப்பணுவின் விட்டம் சேமிப்பின் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டரிலிருந்து 200 மைக்ரோமீட்டர் வரை வேறுபடலாம்.

முதிர்ந்த கொழுப்பணு மேலும் பிரிந்து பெருகுவதில்லை. ஆகவே உடலுக்குப் புதிய கொழுப்பணு தேவைப்பட்டால், இருக்கும் கொழுப்பணு இரண்டாகப் பிரிந்து அதைத் தர முடியாது. குருத்தணுவிலிருந்தே அது தோன்ற வேண்டும். இக்குருத்தணுக்கள் பெரும்பாலும் திசுவின் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரை ஒட்டி வாழ்கின்றன. கொழுப்பையும் ஹார்மோன்களையும் கொண்டுவரும் குருதி ஓட்டத்திற்கு அருகிலேயே அவை இருப்பதால், உடலின் தேவை பற்றிய சமிக்ஞைகள் அவற்றை விரைவில் எட்டுகின்றன.

கண்டறியப்பட்ட வரலாறு

அமெரிக்க உயிர்வேதியியலாளர் மார்ட்டின் ராட்பெல் 1964ஆம் ஆண்டில் எலியின் கொழுப்புத் திசுவைக் கொலாஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு கரைத்து, உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். கொழுப்பு நிறைந்த முதிர்ந்த அணுக்கள் நீர்மத்தின் மேலே மிதந்தன. மற்ற உயிரணுக்கள் அடியில் படிந்தன. ராட்பெல்லின் கவனம் மேலே மிதந்தவற்றின் மீது இருந்தது. அடியில் படிந்த பகுதியில்தான் குருத்தணுக்கள் இருந்தன என்பது பின்னர் தெரியவந்தது.

1974, 1975ஆம் ஆண்டுகளில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் எலிக் கருவிலிருந்து பெற்ற உயிரணுக்களில் ஒரு வகை, வளர்ப்புத் தட்டிலேயே கொழுப்பணுக்களாக மாறுவதைக் கண்டனர். 3டி3-எல்1 எனப் பெயரிடப்பட்ட இந்த உயிரணு வரிசை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. கொழுப்பணு உருவாக்கம் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இதிலிருந்து பெறப்பட்டதே.

2001ஆம் ஆண்டில் பாட்ரீசியா சூக் தலைமையில் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு, மனிதரிடமிருந்து உறிஞ்சி எடுக்கப்பட்ட கொழுப்பில் பல வகை உயிரணுக்களாக மாறக்கூடிய உயிரணுக்கள் இருப்பதை வெளியிட்டது. தகுந்த ஊட்ட நீர்மங்களில் வளர்த்தபோது அவை கொழுப்பணு, எலும்பணு, குருத்தெலும்பணு, தசையணு ஆகியவற்றின் பண்புகளைக் காட்டின. அதுவரை இத்தகைய குருத்தணுக்களுக்கு எலும்பு மச்சையே முதன்மை மூலமாக இருந்தது. அழகுக்காகச் செய்யப்படும் அறுவைக்குப் பின் கழிவாகக் கொட்டப்பட்ட கொழுப்பு, இதனால் ஆய்வாளர்களுக்கு மதிப்புள்ள பொருளாயிற்று. எலும்பு மச்சையோடு ஒப்பிட்டால் கொழுப்பை எடுப்பது எளிது. கிடைக்கும் குருத்தணுக்களின் எண்ணிக்கையும் பன்மடங்கு அதிகம்.

பிரித்தெடுத்தலும் அடையாளம் காணுதலும்

இன்றைய முறையும் அடிப்படையில் ராட்பெல் முறையே. எடுக்கப்பட்ட கொழுப்பு உப்புநீரால் கழுவப்படுகிறது. பின்னர் கொலாஜனேஸ் கலந்து 37 பாகை செல்சியசில் வைக்கப்படுகிறது. உயிரணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் நார்களை அந்நொதி அறுக்கிறது. மையவிலக்குக் கருவியில் சுழற்றியபின் எண்ணெயும் கொழுப்பணுக்களும் மேலே நிற்க, மற்றவை குழாயின் அடியில் படிகின்றன. அடியில் உள்ளதை நெகிழித் தட்டில் இட்டு வளர்த்தால், குருத்தணுக்கள் தட்டின் பரப்பில் ஒட்டிக்கொண்டு கதிர் வடிவில் நீண்டு பெருகும். ஒட்டாத உயிரணுக்கள் ஊட்ட நீர்மத்தை மாற்றும்போது நீங்கிவிடும்.

உருவத்தை மட்டும் பார்த்து இவற்றைக் குருத்தணு என உறுதி செய்ய முடியாது. எனவே மேற்பரப்பில் உள்ள புரதங்கள் சோதிக்கப்படுகின்றன. சிடி73, சிடி90, சிடி105 ஆகிய புரதங்கள் இருக்க வேண்டும். குருதி உயிரணுக்களுக்குரிய சிடி45, குருதிக் குழாய் உட்சுவருக்குரிய சிடி31 ஆகியவை இருக்கக் கூடாது. கொழுப்பணு, எலும்பணு, குருத்தெலும்பணு ஆகிய மூன்றாகவும் மாறிக் காட்டுவது அடுத்த சோதனையாகும்.

வளர்ச்சியின் படிநிலைகள்

குருத்தணு ஒரே தாவலில் கொழுப்பணுவாகிவிடுவதில்லை. இரண்டு பெரிய கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் அது தன் பாதையைத் தேர்ந்து உறுதிப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அப்பாதையில் சென்று முதிர்கிறது.

பாதை உறுதிப்படுதல்

குருத்தணுவின் முன் பல வழிகள் திறந்திருக்கின்றன. கொழுப்பணுப் பாதையில் உறுதிப்பட்டது முன்கொழுப்பணு எனப்படும். தோற்றத்தில் முன்கொழுப்பணுவும் குருத்தணுவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கொழுப்புத் துளி எதுவும் இராது. ஆனால் எலும்பணுவாகவோ குருத்தெலும்பணுவாகவோ மாறும் வாய்ப்பை முன்கொழுப்பணு இழந்திருக்கும்.

இம்முடிவில் பல சமிக்ஞைகள் பங்கு பெறுகின்றன. பிஎம்பி4 என்ற புரதம் கொழுப்பணுப் பாதையை ஊக்குவிக்கிறது. விண்ட் எனப்படும் புரதக் குடும்பம் அப்பாதையைத் தடுத்து எலும்பணுப் பாதைக்குச் சாதகமாக நிற்கிறது. உயிரணுவின் வடிவமும் முடிவைப் பாதிக்கிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு மச்சையிலிருந்து பெற்ற மனிதக் குருத்தணுக்கள் சிறிய பரப்பில் உருண்டையாக இருக்கும்படி வளர்க்கப்பட்டபோது கொழுப்பணுவாக மாற முனைந்தன. அகன்ற பரப்பில் தட்டையாக விரிந்து வளர்ந்தவை எலும்பணுவாக மாற முனைந்தன. உயிரணுவின் உட்சட்டகத்தில் ஏற்படும் இழுவிசையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

வளர்ச்சி நிறுத்தமும் தொடக்கச் சமிக்ஞைகளும்

வளர்ப்புத் தட்டில் முன்கொழுப்பணுக்கள் பெருகி ஒன்றையொன்று தொடும் நிலையில் பெருக்கத்தை நிறுத்துகின்றன. அதன்பின் ஹார்மோன் சமிக்ஞைகள் கிடைத்தால் முதிர்ச்சி தொடங்குகிறது. 3டி3-எல்1 அணுக்கள் இச்சமிக்ஞைகளைப் பெற்றதும் ஒன்றிரண்டு முறை பிரிந்து, பிறகு நிலையாகப் பெருக்கத்தை விடுகின்றன. மனிதக் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த அணுக்கள் இந்தக் கூடுதல் பிரிவு இல்லாமலும் முதிர முடியும்.

உடலில் இன்சுலினும் கார்ட்டிசால் போன்ற குளுக்கோகார்ட்டிகாய்டு ஹார்மோன்களும் முக்கியமான தூண்டுதல்கள். ஆய்வகத்தில் இவற்றுக்கு ஈடாக இன்சுலின், டெக்சாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ் என்ற வேதிப்பொருள் ஆகிய மூன்றின் கலவை பயன்படுத்தப்படுகிறது. டெக்சாமெத்தசோன் ஒரு செயற்கைக் குளுக்கோகார்ட்டிகாய்டு. ஐபிஎம்எக்ஸ், உயிரணுவுக்குள் சுழல் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. முன்கொழுப்பணுவில் இன்சுலின் ஏற்பிகள் குறைவாகவே இருப்பதால், இத்தொடக்க நிலையில் அதிக அளவு இன்சுலின் பெரும்பாலும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி வழியாகவே செயல்படுகிறது.

மரபணுக்களை இயக்கும் புரதங்கள்

ஓர் உயிரணு எதுவாக இருக்க வேண்டும் என்பதை அதில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதே தீர்மானிக்கிறது. மரபணுக்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் புரதங்கள் படியெடுத்தல் காரணிகள் எனப்படும். கொழுப்பணு உருவாக்கத்தில் இவை ஒன்றையடுத்து ஒன்றாகச் செயலுக்கு வருகின்றன.

முதலில் வருபவை சி/இபிபி-பீட்டாவும் சி/இபிபி-டெல்டாவும். தூண்டுதல் கிடைத்த சில மணி நேரத்திலேயே இவற்றின் அளவு உயர்கிறது. சுழல் ஏஎம்பி முதலாவதையும், குளுக்கோகார்ட்டிகாய்டு இரண்டாவதையும் தூண்டுகின்றன. இவை இரண்டும் சேர்ந்து பிபிஏஆர்-காமா, சி/இபிபி-ஆல்ஃபா என்ற அடுத்த இரு காரணிகளின் மரபணுக்களை இயக்குகின்றன. பின்னவை இரண்டும் ஒன்றை மற்றொன்று தூண்டிக்கொள்கின்றன. இதனால் தொடக்கச் சமிக்ஞைகள் நீங்கிய பின்னும் இயக்கம் நின்றுவிடாமல் தன்னைத் தானே தாங்கி நிற்கிறது. கொழுப்பணு தன் அடையாளத்தை நெடுங்காலம் காத்துக்கொள்வது இப்படித்தான்.

இவற்றுள் தலைமையானது பிபிஏஆர்-காமா. 1994ஆம் ஆண்டில் புரூஸ் ஸ்பீகல்மனின் குழுவினர், சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் இந்த ஒரு புரதத்தைப் புகுத்தித் தூண்டியபோது அவை கொழுப்பணுக்களாக மாறின என்று காட்டினர். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு, சி/இபிபி-ஆல்ஃபா இல்லாமலும் பிபிஏஆர்-காமா கொழுப்பணுவை உருவாக்க வல்லது, ஆனால் பிபிஏஆர்-காமா இல்லாமல் சி/இபிபி-ஆல்ஃபாவால் அது இயலாது என்று நிறுவியது. இக்காரணி இல்லாமல் கொழுப்பணு உருவாக வேறு வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

முதிர்ச்சி

பிபிஏஆர்-காமாவும் சி/இபிபி-ஆல்ஃபாவும் இயங்கத் தொடங்கியபின் கொழுப்பணுவுக்குரிய நூற்றுக்கணக்கான மரபணுக்கள் செயலுக்கு வருகின்றன. அவற்றின் விளைவுகளைக் கீழ்வருமாறு தொகுக்கலாம்.

- வடிவ மாற்றம்: நீண்ட கதிர் வடிவம் மாறி உயிரணு உருண்டையாகிறது. உட்சட்டகப் புரதங்களான ஆக்டின், டியூபுலின் ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது.
- கொழுப்பை உள்வாங்குதல்: லைப்போபுரத லைப்பேஸ் என்ற நொதி, குருதியில் வரும் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. அவை உயிரணுவுக்குள் சென்று மீண்டும் டிரைகிளிசரைடாக இணைகின்றன.
- கொழுப்புத் துளி: முதலில் பல சிறு துளிகள் தோன்றுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் பெரிலிப்பின் என்ற புரதம் உறைபோல் படிந்து, கொழுப்பு தேவையின்றி உடையாமல் காக்கிறது. உடலில் இத்துளிகள் இறுதியில் ஒன்றிணைந்து ஒரே பெரிய துளியாகின்றன. வளர்ப்புத் தட்டில் பெரும்பாலும் பல துளிகளாகவே நின்றுவிடுகின்றன.
- இன்சுலினுக்குச் செவிசாய்த்தல்: இன்சுலின் ஏற்பிகளும், குளுக்கோசை உள்ளே கடத்தும் குளுட்4 புரதமும் மிகுதியாகின்றன. இன்சுலின் வந்தால் சேமிப்பு நடக்கிறது. பட்டினியிலும் உழைப்பிலும் கொழுப்பு வெளிவிடப்படுகிறது.
- ஹார்மோன் சுரத்தல்: பசியைக் கட்டுப்படுத்த மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின், இன்சுலினின் செயல்திறனை உயர்த்தும் அடிப்போனெக்டின் முதலியவை சுரக்கத் தொடங்குகின்றன.

மனிதக் குருத்தணுக்கள் வளர்ப்புத் தட்டில் இந்நிலையை எட்டப் பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஆயில் ரெட் ஓ என்ற சாயம் இட்டால் கொழுப்புத் துளிகள் சிவப்பாகத் தெரியும். கல்லூரி ஆய்வகங்களிலும் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

தடுக்கும் சமிக்ஞைகள்

வளர்ச்சியைத் தூண்டுபவை இருப்பதுபோல் தடுப்பவையும் உள்ளன. விண்ட் குடும்பத்தைச் சேர்ந்த விண்ட்10பி, பிபிஏஆர்-காமாவும் சி/இபிபி-ஆல்ஃபாவும் தோன்றாமல் தடுக்கிறது. இத்தடையை நீக்கினால் முன்கொழுப்பணுக்கள் ஹார்மோன் கலவை இல்லாமலேயே முதிரத் தொடங்குவதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது முன்கொழுப்பணு சும்மா காத்திருக்கவில்லை, தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பிரெஃப்-1 என்ற புரதமும் முன்கொழுப்பணுவில் மிகுந்திருந்து முதிர்ச்சியைத் தடுக்கிறது. முதிர்ச்சி தொடங்கியதும் அது மறைகிறது. திசுவில் நாள்பட்ட அழற்சி ஏற்படும்போது வெளிப்படும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதமும் ஒரு வலுவான தடையாகும்.

மனித உடலில் கொழுப்பணுக்களின் வாழ்நாள்

தட்டில் நடப்பது உடலிலும் நடக்கிறதா என்பதை அறிவது எளிதாக இருக்கவில்லை. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் முதலியோர் 2008இல் இதற்கு எதிர்பாராத ஒரு வழியைப் பயன்படுத்தினர். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானவெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு திடீரென உயர்ந்தது. 1963இல் அச்சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை ஏற்பட்டபின் அது படிப்படியாகக் குறைந்தது. ஓர் உயிரணு பிறக்கும்போது காற்றில் இருந்த கார்பன்-14 அளவு, உணவு வழியாக அதன் டிஎன்ஏவில் பதிவாகிவிடும். எனவே கொழுப்பணுவின் டிஎன்ஏவில் உள்ள கார்பன்-14ஐ அளந்தால் அதன் வயதைக் கணிக்கலாம்.

வயது வந்தோரின் கொழுப்பணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது என்பது இவ்வாய்வின் முடிவு. மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் உயர்ந்து, பின்னர் பெருமளவு மாறாமல் நிற்கிறது. உடல் எடையைக் குறைக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் கொழுப்பணுக்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொன்றின் பருமன் மட்டுமே குறைந்திருந்தது. குறைத்த எடையைத் தக்கவைப்பது பலருக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதில் இடத்துக்கு இடம் வேறுபாடும் உண்டு. சில வாரங்கள் மிகையாக உண்ணச் செய்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், வயிற்றுத் தோலடிக் கொழுப்பணுக்கள் பெருத்தன. தொடைப் பகுதியிலோ புதிய கொழுப்பணுக்கள் தோன்றின. தோலடித் திசுவின் முன்கொழுப்பணுக்கள், உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பில் உள்ளவற்றைவிட ஆய்வகத்தில் எளிதாக முதிர்கின்றன.

எண்ணிக்கை கூடுதலா, பருமன் கூடுதலா

மிகையான ஆற்றலைச் சேமிக்கக் கொழுப்புத் திசுவுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று புதிய கொழுப்பணுக்களை உருவாக்குதல். மற்றொன்று இருக்கும் கொழுப்பணுக்களைப் பெருக்க வைத்தல். இதனை ஓர் உவமையால் விளக்கலாம். விளைச்சல் கூடும்போது வீட்டில் புதிய குதிர் ஒன்று செய்து வைத்தால் நெல் பத்திரமாக இருக்கும். பழைய குதிரிலேயே திணித்தால் அது விரிசல் விடும். நெல் திண்ணையிலும் அடுக்களையிலும் சிந்தும். அளவு மீறிப் பெருத்த கொழுப்பணுவுக்கு உயிர்வளி போதிய அளவு எட்டுவதில்லை. அங்கே அழற்சி உண்டாகிறது. இன்சுலினுக்கு அது செவிசாய்ப்பதில்லை. சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் சேர்கிறது. அவ்வுறுப்புகளிலும் இன்சுலினின் செயல் குன்றி, காலப்போக்கில் இரண்டாம் வகை நீரிழிவு ஏற்பட வழி பிறக்கிறது.

இக்கருத்துக்குச் சான்று பல திசைகளிலிருந்து கிடைக்கிறது. முதலாவது, கொழுப்பிழப்பு நோய்கள். பிறவியிலேயே கொழுப்புத் திசு ஏறத்தாழ இல்லாத நிலை ஏஜிபேட்2, பிஎஸ்சிஎல்2 முதலிய மரபணுக்களின் கோளாறால் ஏற்படுகிறது. பிபிஏஆர்-காமா மரபணுவின் கோளாறால் கை கால்களில் கொழுப்பு குறையும் நோயும் உண்டு. இந்நோயாளிகள் பார்வைக்கு மெலிந்தவர்களாக இருந்தாலும் கடுமையான நீரிழிவு, குருதியில் மிகையான டிரைகிளிசரைடு, கல்லீரல் கொழுப்பு நோய் ஆகியவற்றுக்கு ஆளாகின்றனர்.

இரண்டாவது, எலிகளில் நடந்த சோதனைகள். மரபணு மாற்றத்தால் கொழுப்புத் திசு இல்லாமல் செய்யப்பட்ட எலிகளுக்கு நீரிழிவு வந்தது. அவற்றின் உடலில் வேறு எலிகளின் கொழுப்புத் திசுவைப் பதித்தபோது அந்நீரிழிவு நீங்கியது. இவ்வாய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது.

மூன்றாவது, மருந்துகள். நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் முதலிய கிளிட்டசோன் வகை மருந்துகள் பிபிஏஆர்-காமாவைத் தூண்டுபவை. இவற்றை உட்கொள்வோரில் சிலருக்கு எடை கூடுகிறது. ஆனால் இன்சுலினின் செயல்திறன் மேம்படுகிறது. தோலடியில் சேமிப்பிடம் பெருகி, கல்லீரலின் சுமை குறைவது இதற்கு ஒரு காரணம். இம்மருந்துகளுக்கு உடலில் நீர் தேங்குதல், எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல் போன்ற பக்க விளைவுகளும் உள்ளன. எலும்பணுவாகியிருக்கக்கூடிய மச்சைக் குருத்தணுக்கள் கொழுப்பணுப் பாதைக்குத் திரும்புவது எலும்பு வலுவிழக்க ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

இதனால் உடல் பருமன் நல்லது என்று பொருளாகாது. மிகையான கொழுப்பை எவ்வளவு காலம், எவ்வளவு பத்திரமாகச் சேமிக்க முடிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதே பொருள். சேமிப்புத் திறனுக்கு எல்லை உண்டு.

தெற்காசியரும் கொழுப்பணுவும்

இந்தியாவிலும் இலங்கையிலும், புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் தெற்காசியருக்கு, ஐரோப்பியரைவிடக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு வருகிறது. 2004இல் லான்செட் இதழில் வெளியான ஒரு பக்கக் குறிப்பு இதனை எளிமையாக உணர்த்தியது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3தான். ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தது.

அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தெற்காசிய ஆண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பணுக்கள் ஐரோப்பிய வழியினருடையவற்றைவிடப் பெரியவையாக இருந்தன. இன்சுலின் செயல்திறன் குறைவாக இருந்தது. தோலடியில் கொழுப்பைப் பத்திரமாகச் சேமிக்கும் திறன் தெற்காசியரில் விரைவில் நிரம்பிவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. இந்தியருக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் உடல் நிறைக் குறியெண் 23ஐத் தொடும்போதே மிகை எடை எனவும், 25ஐத் தொட்டால் உடல் பருமன் எனவும் கொள்ளப்படுகிறது. பிறர் பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் ஒருவர் இடுப்புச் சுற்றளவையும் குருதிச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது ஏன் தேவை என்பதை இது விளக்குகிறது.

மருத்துவப் பயன்பாடும் எச்சரிக்கையும்

கொழுப்புத் திசுக் குருத்தணுக்கள் மருத்துவத்தில் பல நோக்கங்களுக்காக ஆராயப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் உருவத்தைச் சீரமைக்கக் கொழுப்பைப் பதிக்கும்போது, அதில் ஒரு பகுதி கரைந்துபோவது வழக்கம். குருத்தணுக்களைச் சேர்த்துப் பதித்தால் கரைவது குறையுமா என்பது ஆராயப்படும் வினாக்களுள் ஒன்று. கிரோன் நோயாளிகளுக்கு ஆசனவாய் அருகே ஏற்படும் புரைக்குழாய்ப் புண்ணுக்கு, கொடையாளர் கொழுப்பிலிருந்து பெருக்கிய உயிரணு மருந்து ஒன்றுக்கு 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் பயன் உறுதிப்படாததால் 2024இல் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. ஒரு மருந்து ஒப்புதல் பெற்ற பின்னரும் சோதனை தொடர வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சோதிக்கப்படாத சிகிச்சையின் ஆபத்து இதனினும் பெரிது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு சிகிச்சையகம், விழித்திரைச் சிதைவு நோயுள்ள மூன்று மூதாட்டியரின் இரு கண்களிலும் அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஊசி வழியாகச் செலுத்தியது. மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தனர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் 2017இல் இதனைப் பதிவு செய்தது. தன் உடலிலிருந்தே எடுத்த உயிரணு என்பதால் அது தீங்கு செய்யாது என்ற வாதம் தவறானது. குருத்தணு தன்னைச் சுற்றியுள்ள சமிக்ஞைகளுக்கு ஏற்ப மாறுவது. இடம் மாறினால் அதன் போக்கும் மாறலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள், குருதி தொடர்பான நோய்களுக்கான குருதியாக்கக் குருத்தணு மாற்றத்தை மட்டுமே வழக்கமான சிகிச்சையாக ஏற்கின்றன. கொழுப்புத் திசுக் குருத்தணுவைக் கொண்டு மூட்டு வலி, நீரிழிவு, நரம்பு நோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யப்பட்டால், அது முறையாகப் பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனையா என்று கேட்பது நோயாளியின் உரிமை. முறையான சோதனையில் பங்கு பெறுவோரிடம் அந்தச் சிகிச்சைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தொகுப்பு

கொழுப்புத் திசுவின் நுண்குழாய் ஓரத்தில் இருக்கும் குருத்தணு, சமிக்ஞைகளைப் பெற்று முன்கொழுப்பணுவாக உறுதிப்படுகிறது. தடைகள் விலகி ஹார்மோன் தூண்டுதல் கிடைத்ததும் சி/இபிபி-பீட்டா, டெல்டா ஆகியவை பிபிஏஆர்-காமாவையும் சி/இபிபி-ஆல்ஃபாவையும் எழுப்புகின்றன. இவ்விரண்டும் உயிரணுவைக் கொழுப்பணுவாக முதிர்வித்து, அந்நிலையிலேயே நிறுத்துகின்றன. இச்செயல் சீராக நடக்கும் உடலில் கொழுப்பு அதற்குரிய இடத்தில் தங்குகிறது. தடைபடும் உடலில் அது கல்லீரலையும் தசையையும் சென்று சேர்கிறது. ஆகவே நீரிழிவின் அபாயத்தை மதிப்பிடும்போது உடலில் கொழுப்பு எவ்வளவு உள்ளது என்பதோடு, அது எங்கே, எத்தகைய கொழுப்பணுக்களில் உள்ளது என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.